ஏணிப்பாறைப் பாதையில் குருவம்மா கல்

கோம்பைத்துறை பஸ் ஸ்டாண்டில் டீக்கடைக்குப் பக்கத்தில் சிவப்பும் பச்சையுமாக விளக்குச் சுற்றுகிற எடை மிஷின் ஒன்று நிற்கிறது. ஏணிப்பாறைக்காரர் யாராவது அதில் ஏறினால் டீக்கடைக்காரர் ஆற்றிக்கொண்டிருக்கிற டீயை அப்படியே வைத்துவிட்டு வேடிக்கை பார்க்க வந்துவிடுவார். கொடிக்கம்பு மாதிரி இருக்கிற எனக்கு அது எழுபத்தொரு கிலோ என்று சீட்டுத் துப்பும். வெளியூர்க்காரர்கள் மிஷின் கெட்டுப்போய்விட்டது என்பார்கள். மிஷினில் ஒரு கோளாறும் இல்லை. என்னுடைய எழுபத்தொன்றில் ஒன்பது கிலோ சென்னையில் ஏதோ பேங்கில் வேலை பார்க்கிற ஒருவருடைய முதுகுப்பை. அவர் பெயர்கூட எனக்குத் தெரியாது. பைக்குள் கேமரா இருந்திருக்க வேண்டும், வலது பக்கம் கொஞ்சம் இழுக்கிறது.

அது என்னிடம் எப்படி வந்தது என்று கேட்டால் பாதையிலிருந்துதான் சொல்லிக்கொண்டு வர வேண்டும். மலைமேல் இருக்கிற எங்கள் ஏணிப்பாறைக்கு ரோடு கிடையாது, பாதைதான். காப்பித் தோட்டத்து முள்வேலியில் புறப்பட்டு, சவுக்கு மாதிரி நெட்டையாக நிற்கிற ஓக் மரங்களுக்கு நடுவே சறுக்கி இறங்கி, முக்காட்டருவியின் சாரலில் நனைந்துகொண்டே ஒரு திருப்பம் திரும்பி, நாவலாற்றை மூன்று இடத்தில் கல் மேல் கல் மிதித்துத் தாண்டி, பதினொரு வீடு உள்ள குருவிக்களத்துக்குள் நுழைந்து அங்கே இருக்கிற பதினான்கு நாய்களுக்கும் பதில் சொல்லிவிட்டு, மூங்கில் காட்டு வழியாகக் கோம்பைத்துறையில் போய் விழுகிற பாதை. இறங்க மூன்று மணி நேரம், ஏற நாலரை மணி நேரம். அந்த அருவிக்கு முக்காட்டருவி என்று பெயர் வந்ததற்குக் காரணம், மேலே துருத்திக்கொண்டிருக்கிற பாறை. முக்காடு போட்ட பெண்பிள்ளை மாதிரி தண்ணீர் முகம் காட்டாமல் விழும்.

அந்தத் திருப்பத்தில்தான் என் தங்கச்சி குருவம்மாவின் கல் இருக்கிறது. பிள்ளைத்தாய்ச்சியாகச் செத்துப்போனவளுக்குச் சுமைதாங்கி நட்டுவைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். தோள் உயரத்துக்கு இரண்டு கல்லை நட்டு, அதன்மேல் ஒரு பலகைக்கல்லைப் படுக்கப் போடுவோம். போகிறவர் வருகிறவர், தூக்கிவிட ஆள் தேடாமல், தலைச்சுமையை அதில் தள்ளிவைத்துவிட்டு மூச்சு வாங்கலாம். அவர்கள் இறக்கிவைக்கும்போதெல்லாம், இறக்கிவைக்காமல் போனவளுக்கும் கொஞ்சம் இறங்கும் என்று ஒரு நம்பிக்கை.

வலி எடுத்த குருவம்மாவைக் கோம்பைத்துறை ஆஸ்பத்திரிக்கு டோலி கட்டித் தூக்கி வந்தது முன்னால் நான், பின்னால் அவள் புருஷன் வீரணன். அருவிக்குப் பக்கத்தில் வரும்போது டோலிக்குள் இருந்த முனகல் நின்றுபோனது. நாங்கள் நிற்கவில்லை. கீழே போய்ச் சேருகிறவரைக்கும் நானும் பின்னால் திரும்பவில்லை, அவனும் என்னைக் கூப்பிடவில்லை. வீரணன் பிறகு வேறு கல்யாணம் செய்துகொள்ளவில்லை. செவ்வாய்க்கிழமைதோறும் கல்லைக் கழுவி மஞ்சள் பூசுவான், பாதையில் விழுந்த மரத்தை வெட்டி ஒதுக்குவான், யாருக்கு உடம்பு முடியவில்லை என்றாலும் டோலிக்குத் தோள் கொடுப்பான். பேச்சு மட்டும் குறைந்துபோனது. இரண்டு பேர் பேச்சையும் சேர்த்து நானே பேச வேண்டியதாயிற்று.

இருபத்தாறு வருஷம் அந்தக் கல் கல்லாகத்தான் நின்றது. ஒரு கார்த்திகை மாதம், மழை விட்ட ஒரு சந்தை நாள், எங்கள் ஊர் சிட்டம்மா மிளகு மூட்டையைக் கல்லில் இறக்கி, வெற்றிலை போட்டு, துப்பிவிட்டுத் திரும்பத் தூக்கினாள். மூட்டை தலையணை மாதிரி கையோடு வந்தது. அவிழ்த்துப் பார்த்தாள். மிளகு அப்படியே இருந்தது. பின்னால் வந்துகொண்டிருந்த எங்களைப் பார்த்து, “பாரத்தை வாங்கிக்கிட்டாய்யா குருவம்மா” என்று, கடையில் மீதிச் சில்லறை வாங்கிக்கொண்டது போலச் சொன்னாள்.

“இருபத்தாறு வருசம் நின்னுருக்கா. இப்பத்தான் தொழில் பிடிபட்டிருக்கு” என்றேன் நான். எல்லோரும் ஆமாம் என்றார்கள். வரிசையாக இறக்கினோம், வரிசையாகத் தூக்கினோம், கல் வாங்கிக்கொண்டது. கல்யாண வீட்டுக்குப் போகிறவர்கள் மாதிரி கையை வீசிக்கொண்டு இறங்கினோம்.

சந்தையில்தான் சிக்கல். மிளகு வியாபாரி மூட்டையைத் தராசில் வைத்தார், முள் அசையவில்லை. “மூட்டைக்குள்ள என்னம்மா இருக்கு, மெளகா, மெளகோட நெனப்பா?” என்று கேட்டார். சிட்டம்மா வாயை மூடிக்கொண்டு மூட்டையோடு மலை ஏறினாள். கல்லுக்குக் கீழே தோளைக் கொடுத்து, “குருவம்மா, எனக்குள்ளதைக் குடுடி” என்றாள். பாரம் அவள் தோளில் வந்து உட்கார்ந்தது. மறுபடியும் இறங்கினாள். இப்படித்தான் கொடுப்பது மட்டுமல்ல, திரும்ப வாங்குவதும் முடியும் என்று தெரிந்தது.

மற்றதெல்லாம் பட்டுப் பட்டுக் கற்றுக்கொண்டோம். பாரம் போன அரிசியைப் பொங்கினால் மூன்று வட்டில் தின்றாலும் வயிறு நிறையாது. பாரம் போன ஆட்டுக்கல்லில் மாவு அரைபடாது. பாரம் போன தகரத்தைக் கூரைக்குப் போட்டவர்கள் வீட்டுத் தகரம் எல்லாம் ஆடிக் காற்றில் கொக்குக் கூட்டம் போல எழும்பிக் குருவிக்களத்தில் போய் இறங்கியது. அந்த ஊர்க்காரர்கள் திருப்பித் தரவில்லை. ஆனால் பாரம் இல்லாமலும் வேலைக்கு ஆகிற சாமான்கள் உலகத்தில் எத்தனையோ இருக்கின்றன. கேஸ் சிலிண்டர் எரிந்தது. டிவி பேசியது. பள்ளிக்கூடத்துப் பை பாடம் சொன்னது. எல்லாவற்றுக்கும் மேலே பீரோ! ஏணிப்பாறைப் பெண்கள் மூன்று தலைமுறையாக ஆசைப்பட்டும் மலை ஏறாத இரும்பு பீரோ, அந்த வருஷம் கண்ணாடி பதித்தும் பதிக்காமலும் வீட்டுக்கு ஒன்றாகத் தலைமேல் வந்து சேர்ந்தது. கதவைத் திறந்தால் அது நகர்ந்து கூடத்துக்கு வந்துவிடும் என்பதால் ஆட்டைக் கட்டுவது போல ஜன்னல் கம்பியில் கட்டிவைத்தார்கள்.

நானும் ஒரு தப்புச் செய்தேன். ஒரு மத்தியானம் கல்லின்மேல் ஏறி உட்கார்ந்து பீடி குடித்தேன், அருவிச் சத்தத்தில் கண் அசந்துவிட்டது. விழித்து எழுந்தால் கால் தரையில் பாவவில்லை. முழித்திருக்கிறவன் தன் பாரத்தைப் பிடித்துக்கொண்டிருப்பான். தூங்குகிறவன் கை விரித்துவிடுவான் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. மடியில் கூழாங்கல் கட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். மறுநாள் வீரணன் என்னை இடுப்பில் கயிறு கட்டிக் கூட்டிப் போனான். கல்லுக்குத் தோள் கொடுத்து, “தங்கச்சி, அண்ணனோடதைக் குடுத்துரும்மா” என்று கேட்டு வாங்கினேன். அதற்குப் பிறகு ஊர் கூடி, உசிருள்ள எதையும் கல்லில் வைக்கக் கூடாது என்று முடிவு செய்தது.

இந்த நேரத்தில்தான் நிர்மல் வந்தார். தொப்பி, கழுத்தில் விசில், நல்ல மனுஷன். டவுன்காரர்களைப் பத்துப் பன்னிரண்டு பேராகக் கூட்டிவந்து அருவியும் ஆறும் மலையூரும் காட்டி நடக்கவைப்பது அவர் தொழில். ஒரு தடவை எங்கள் பாதையில் நடந்தார், முதுகுப்பையைக் கல்லில் வைத்து எடுத்தார், அடுத்த வாரமே மூங்கில் காட்டு முனையில் பலகை அடித்துவிட்டார்: ‘எளிய நடைப் பாதை. வயது தடையில்லை.’ சென்னையிலிருந்தும் கோயம்புத்தூரிலிருந்தும் வந்தார்கள். பையை வைத்தார்கள், கல் வாங்கிக்கொண்டது, சிரித்துக்கொண்டே போனார்கள். ஊருக்குத் திரும்பிப் போன பிறகு பை ஏன் காற்றில் ஆடுகிறது என்று அவர்கள் யோசித்தார்களோ என்னவோ.

கல் மட்டும் இறங்கிக்கொண்டே வந்தது. தோள் உயரத்தில் இருந்தது மார்புக்கு வந்தது, மார்பில் இருந்து இடுப்புக்கு, இடுப்பில் இருந்து முழங்காலுக்கு. வீரணன் செவ்வாய்க்கிழமைதோறும் சாண் போட்டு அளந்துவிட்டு என்னிடம் வருவான்.

“மச்சான், இன்னும் ரெண்டு விரக்கடை எறங்கிட்டா.”

நான் ஊரில் சொன்னேன். “நல்லதுதான மாமா, சின்னப் பிள்ளைகளுக்கும் எட்டும்” என்றார்கள். யாரும் கெட்டவர்கள் இல்லை. நானே என் வீட்டு பீரோவை அந்த வாரம்தான் கொண்டுவந்திருந்தேன். வீரணன் அதைப் பார்த்தான், ஜன்னல் கம்பியில் முடிச்சை இறுக்கிப் போட்டுவிட்டுப் போனான்.

அடுத்த ஐப்பசியில் சின்னக்காளையின் பெண்சாதி தவமணிக்கு வலி எடுத்தது. விடிகாலையில் டோலி கட்டினார்கள். மழை பிடித்துக்கொண்டது, பாதை எண்ணெய் பூசினாற்போல வழுக்கியது. கல் முழங்காலுக்கும் கீழே வந்திருந்தது. ஆனாலும் டோலி தூக்குகிறவன் தோள் இருக்கிறதே, அது சுமைதாங்கியைக் கண்டால் எசமானைக் கேட்காது. பாட்டன் காலத்திலிருந்து பழகிய தோள். முன்னால் போனவன் தன்னை அறியாமல் குனிந்தான், பின்னால் வந்தவனும் குனிந்தான், டோலி கல்லில் உட்கார்ந்தது. ஒரு மூச்சு நேரம்தான். தவமணி கத்திக்கொண்டு இருந்ததால் தன் பாரத்தைக் கெட்டியாகப் பிடித்திருந்தாள். வயிற்றில் இருந்தது தூங்கிக்கொண்டிருந்தது. கல் வாங்கிக்கொண்டது.

மத்தியானம் பெண்குழந்தை பிறந்தது. ஆஸ்பத்திரி நர்ஸ் ரெஜினா சிஸ்டர் தொப்புள்கொடியை அறுத்ததும் பிள்ளை கையிலிருந்து மெல்ல மேலே போயிற்று. சிஸ்டர் முதலில் மின்விசிறியை அணைத்தார். பிறகு ஸ்டூலில் ஏறிக் காலைப் பிடித்து இறக்கித் தராசில் வைத்து, நோட்டில் முட்டை போட்டுவிட்டு, சின்னக்காளையைக் கூப்பிட்டார்.

“ஏணிப்பாறையா நீங்க?”

“ஆமாங்க சிஸ்டர்.”

“கல்லுல வச்சீங்களா?”

அவன் தலையாட்டினான்.

“பாரம் இல்லாத வயித்துல பால் நிக்காதுப்பா. குடிக்கக் குடிக்க வெளிய வந்துரும். மூணு நாள் தாங்கும். அதுக்குள்ள போய் வாங்கிட்டு வந்துருங்க.” சொல்லிவிட்டுத் தவமணியின் சேலை முந்தியில் பிள்ளையின் காலைக் கட்டினார். தவமணி அந்த முந்தியைக் கையில் சுற்றிக்கொண்டு, பட்டம் விடுகிறவள் மாதிரி மேலே பார்த்தபடி படுத்திருந்தாள் என்று பிறகு சொன்னார்கள். பிள்ளை அழுததாம். அழுகையிலும் கனமில்லை.

சின்னக்காளை ஓட்டமாக ஏறிக் கல்லிடம் போய்த் தோளைக் கொடுத்துக் கேட்டான். வரவில்லை. வீரணன் வந்து குப்புறப் படுத்து, கல்லுக்கு அடியில் கையை விட்டுத் துழாவினான். “சின்னப் பாரம்டா. மொறத்துல பொடைச்சா நொய்யி அடியில போகுமே, அப்பிடி எல்லாத்துக்கும் அடியில போயிருச்சு. மேல இருக்கிறதெல்லாம் எடுத்தாத்தான் வரும்” என்றான். கல்லுக்கும் தரைக்கும் இடையே ஒரு சாண்தான் இருந்தது. தரையைத் தொட்டுவிட்டால் அப்புறம் யாரும் தோள் கொடுக்க முடியாது.

காப்பி காயப்போடுகிற களத்தில் ஊர் கூடியது. வீரணன் அன்றைக்குத்தான் கூட்டத்தில் வாய் திறந்தான்.

“அவங்கவங்க வச்சதை அவங்கவங்க எடுத்துருங்கய்யா.”

எடுப்பது என்றால் என்ன என்பது எல்லோருக்கும் தெரியும். ஒரு வருஷமாக ஏறாத ஏற்றத்தையெல்லாம் ஒரே நாளில் ஏற வேண்டும். பீரோவின் பாரத்தைத் தோளில் வாங்கி, ஊர் வரைக்கும் தூக்கி வந்து, பீரோவுக்குள் விட்டால்தான் முடிந்தது.

“எம் பீரோ நூத்திருவது கிலோய்யா” என்றாள் சிட்டம்மா. “நான் அறுவது வயசுக்காரி. நடு வழியில விழுந்து செத்தா எனக்கும் ஒரு கல்லு நடுவீங்களா?”

“நட்டுட்டாப் போச்சு. அதுலயும் பீரோவை வைப்போம்” என்றேன்.

“உன் வாயில மண்ணு விழ” என்றாள். கொஞ்ச நேரம் மூக்கைச் சிந்திக்கொண்டு நின்றாள். பிறகு முந்தானையைச் சும்மாடாகச் சுற்றித் தோளில் போட்டாள். “ஒரு வருசமா அந்தப் பொண்ணு தலையில நம்ம பீரோவை எல்லாம் ஏத்திட்டு வெத்தலை போட்டுக்கிட்டுத் திரிஞ்சிருக்கோம். வாங்கடி” என்று முதல் ஆளாக இறங்கினாள்.

இரண்டு நாள் ஆயிற்று. மண்ணில் முட்டி போட்டும், மல்லாந்து படுத்துத் தோளை உள்ளே செருகியும் எடுத்தார்கள். சிலிண்டரை எடுத்தார்கள், கட்டிலை எடுத்தார்கள், கிரைண்டரை எடுத்தார்கள், பிள்ளைகள் ஒரு வருஷத்துப் புத்தகப்பையை எடுத்துக்கொண்டு முதுகு வளைந்து நின்றன. கோயில் மணியின் பாரம் யாருடையது என்று பூசாரிக்கும் தர்மகர்த்தாவுக்கும் சண்டை வந்து, கடைசியில் ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்துக்கொண்டு போனார்கள். என் பீரோவை எடுத்துக்கொண்டு ஓக் மரச் சரிவில் ஏறும்போது எனக்குப் பின்னால் வந்த சிட்டம்மா, “என்ன மாமா, கதையை விடு பாப்போம் இப்ப” என்றாள். எனக்கு மூச்சுத்தான் வந்தது, கதை வரவில்லை. அன்று சாயங்காலம் ஒவ்வொரு வீட்டிலும் பீரோ தரையில் ‘தொம்’ என்று உட்கார்ந்த சத்தம் கேட்டது. ஒவ்வொன்றுக்கும் கல் பல் பிடுங்குகிற மாதிரி ஒரு சத்தத்தோடு மண்ணிலிருந்து மேலே வந்தது.

மூன்றாம் நாள் காலையில் ஊர்க்காரர்களுடையது தீர்ந்துவிட்டது. கல் இடுப்பு உயரத்துக்கு வந்திருந்தது. மிச்சம் இருந்தது டவுன்காரர்களின் பைகள், நூற்று முப்பது. நிர்மல் அருவிக்கு மேலே சிக்னல் கிடைக்கிற பாறையில் நின்று ஒவ்வொருவருக்காகப் போன் போட்டார். சிலர் எடுக்கவில்லை, சிலர் சிரித்தார்கள். ஒருவர், “பரவாயில்ல சார், இருக்கட்டும். இப்ப நல்லாத்தான் இருக்கு” என்றார்.

கீழே ஆஸ்பத்திரியில் மதியம் ஆகிக்கொண்டிருந்தது. பிள்ளை அழுகையை நிறுத்திவிட்டது என்று குருவிக்களத்தில் இருந்து ஆள் வந்து சொன்னான். சின்னக்காளை பாதையின் குறுக்கே உட்கார்ந்துவிட்டான்.

“பேர் தெரியாதவங்க பாரத்தை யாரு எடுக்கிறது?” என்று கேட்டார் தர்மகர்த்தா.

வீரணன் போய்க் குனிந்து தோளைக் கொடுத்தான். “குருவம்மா, யாரோடதோ ஒண்ணு குடு” என்றான். நிமிர்ந்தான். மறுபடியும் குனிந்தான். அப்புறம் ஊர் தாங்கவில்லை. ஆளுக்கு ஒன்று, முடிந்தவர்கள் இரண்டு, வைக்க ஒரு சாமானும் இல்லாததால் உடம்பிலேயே வாங்கிக்கொண்டார்கள். தகரம் திருடின குருவிக்களத்துக்காரர்களும் வந்து வாங்கினார்கள். நிர்மல் மூன்று வாங்கினார், நாலு எட்டு வைத்துவிட்டுத் தொப்பியைக் கழற்றி, “இந்த ஏத்தம் எப்பவும் இப்படித்தானா இருக்கும்?” என்று கேட்டார். “எப்பவும் இப்பிடித்தான் தம்பி” என்றோம். நான் எடுத்தது அந்தப் பேங்க்காரருடையது.

கடைசிப் பை போனபோது கல் மார்பு உயரத்துக்கு வந்திருந்தது, தோளுக்கு வரவில்லை. வீரணன் பலகைக்கல்லுக்கு அடியில் இரண்டு உள்ளங்கையையும் வைத்துப் பார்த்தான்.

“மச்சான்” என்றான். “ரெண்டு இருக்கு.”

நான் போய்க் கையை வைத்தேன். இரண்டும் ஒரே அளவு. ஒன்று துள்ளிக்கொண்டிருந்தது. இன்னொன்று, வெகுநாள் காத்திருந்து பழகிப்போனவர்கள் மாதிரி, பேசாமல் கிடந்தது.

“துள்ளுறதை எடுத்துக்கிட்டு ஓடுடா” என்றேன். சின்னக்காளை அதை நெஞ்சோடு அணைத்துத் துண்டால் சுற்றிக்கொண்டு, ஆற்றைக்கூட எங்கே மிதித்தான் என்று தெரியாமல் ஓடினான். ரெஜினா சிஸ்டர் பிள்ளையை இறக்கிப் பிடிக்க, அவன் துண்டை அவிழ்த்தான். பிள்ளை தவமணியின் மடியில் ‘பொத்’தென்று உட்கார்ந்து, ஆஸ்பத்திரி இடிகிற மாதிரிக் கத்தியது. சிஸ்டர் தராசில் வைத்தார். “ரெண்டே முக்கால். சரியா இருக்கு. வேற யாரோடதையும் மாத்தி எடுத்துட்டு வரலையே?” என்றார்.

இங்கே கல்லுக்கு முன்னால் யாரும் வீட்டுக்குப் போகவில்லை. வீரணன் தோளைக் கல்லுக்கு அடியில் கொண்டுபோனான். எத்தனை பேரைத் தூக்கின தோள் அது. பாதியில் நிறுத்திவிட்டான், என்னைத் திரும்பிப் பார்த்தான். அந்த டோலி நாளுக்கு அப்புறம் இந்தத் திருப்பத்தில் நாங்கள் இரண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டது அன்றைக்குத்தான்.

“தோள்ல இல்ல மாப்ள” என்றேன். “இடுப்புல வாங்கு.”

சிட்டம்மா போய் அவனுடைய இடது கையை எடுத்து, எப்படி வளைத்துப் பிடிக்க வேண்டும் என்று காட்டினாள். அவன் வாங்கிக்கொண்டான். கல் சத்தமே இல்லாமல் தோள் உயரத்துக்கு வந்து நின்றது. அதற்குப் பிறகு அது எதையும் வாங்கிக்கொள்ளவில்லை. யார் சுமையை வைத்தாலும் மூச்சு வாங்குகிற நேரம் தாங்கி, அப்படியே திருப்பிக் கொடுத்துவிடுகிறது. நிர்மல் தன் பலகையில் ‘எளிய’ என்பதற்கு மேல் சுண்ணாம்பு அடித்துவிட்டார். அப்படியும் ஆட்கள் வருகிறார்கள்.

தவமணி மகளுக்கு இப்போது ஆறு வயது. என்னைக் கண்டால், “தாத்தா, நீங்க பறந்த கதை பொய்யின்னு அம்மா சொல்றாங்க” என்கிறாள். அவள் பறந்த கதையை அவள் அம்மா இன்னும் சொல்லவில்லை போலிருக்கிறது.

வீரணன் எடை மிஷினில் ஏறினால் இரண்டு சீட்டு விழும். இரண்டாவது சீட்டில் வருஷத்துக்கு வருஷம் எண் கூடுகிறது. அதையெல்லாம் அவன் சட்டைப்பையில் அடுக்கி வைத்திருக்கிறான். முதல் இரண்டு வருஷம் இடுப்பில் வைத்துத்தான் நடந்தான். ஓக் மரச் சரிவில் மட்டும் இடது பக்கத்திலிருந்து வலது பக்கம் மாற்றிக்கொள்வான். அப்புறம் கொஞ்ச காலம் இரண்டு கையையும் காதுக்குப் பக்கத்தில் தூக்கிப் பிடித்துக்கொண்டு, கழுத்தை லேசாக முன்னால் நீட்டி நடந்தான். ஊரில் ஒருத்தரும் என்ன என்று கேட்கவில்லை. இந்த வருஷம் இறக்கிவிட்டுவிட்டான். வலது கையைப் பக்கவாட்டில் தாழ்த்தி, ஒரு விரலை மட்டும் நீட்டிக்கொண்டு வருகிறான். இறங்க மூன்று மணி நேரம் ஆகிற பாதைக்கு இப்போது அவனுக்கு ஐந்து மணி நேரம் ஆகிறது. நாவலாற்றைத் தாண்டும்போது ஒவ்வொரு கல்லிலும் நின்று, குனிந்து, அடுத்த கல்லுக்குக் கால் எட்டுமா என்று பார்த்துவிட்டுத்தான் நகர்கிறான்.